ரஷ்ய மொழியும் போலிஷும் படிக்க மகளை அனுப்பலாமா?

கேள்வி: என் மகள் தொடக்கக் கல்லூரியை முடித்திருக்கிறாள். எச்2 நிலையில் தமிழ் மொழியும் இலக்கியமும் எடுத்துப் படித்தவள். ஏ நிலைத் தேர்வில் நல்ல தேர்ச்சி. உள்ளூரில் பொருளியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. அவளோ லண்டனுக்குப் போய் ரஷ்ய மொழி, போலிஷ் இரண்டையும் இலக்கியத்தோடு சேர்த்துப் படிப்பேன் என்கிறாள். அங்கும் இடம் தருவதாகக் கடிதம் வந்துவிட்டது. தாத்தா விட்டுச்சென்ற மாஸ்கோ பதிப்புத் தமிழ்ப் புத்தகங்களைப் படித்து வளர்ந்த பெண் அவள். ஆனால் இரண்டு மொழியிலும் அவளுக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. "போர் நடத்தும் நாட்டின் மொழியைப் படித்து என்ன செய்யப்போகிறாள்? இந்த வயதுக்கு மேல் புது மொழி வருமா? வீட்டை விற்றா அனுப்புவது?" என்று என் கணவர் கேட்கிறார். இரண்டும் ஒரே மாதிரி மொழிகள்தானே, ஒன்று போதாதா என்பது என் சந்தேகம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள், அம்மா?
(சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு தாய்)

சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்ட செய்தி, அவளுக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது என்பதுதான். செலவு, போர், வேலை எல்லாவற்றையும் பிறகு பார்ப்போம்.

எழுத்துத் தெரியாமல் சேர்வதில் தவறேதும் இல்லை. பிரிட்டனில் இந்த மொழிகளைப் படிக்க வருகிறவர்களில் பலர் அங்கே போய்த்தான் முதல் எழுத்தை எழுதுகிறார்கள். பாடத்திட்டமும் அதற்கேற்பவே இருக்கிறது. நான் இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் ரஷ்ய மொழி கற்பித்த காலத்தில், தொடக்கநிலை வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள் கடைசி ஆண்டில், பள்ளியிலேயே படித்து வந்தவர்களோடு ஒரே தேர்வை எழுதினார்கள். சிலர் அவர்களை முந்தியும் போனார்கள்.

என் கவலை வேறு. உங்கள் மகளுக்குப் பிடித்திருப்பது இலக்கியம். முதல் இரண்டு ஆண்டுகளில் அவளுக்குக் கிடைக்கப்போவது பெரும்பாலும் இலக்கணம். தாத்தாவின் அலமாரியிலிருந்து எடுத்துப் படித்த நாவல், தமிழில் தங்குதடையில்லாமல் ஓடியிருக்கும். அதே நாவலின் மூலத்தில் ஒரு பக்கத்தைக் கடக்க முதலாண்டு மாணவிக்கு ஒரு மாலைப் பொழுது போய்விடும். அகராதியைப் புரட்டினால் சொல் அகப்படாது. பக்கத்தில் இருப்பது வேற்றுமை ஏற்ற வடிவம், அகராதியில் இருப்பது எழுவாய் வடிவம். இந்தச் சலிப்பைத் தாங்க முடியாமல் இரண்டாம் பருவத்திலேயே வரலாற்றுத் துறைக்கு மாறிப்போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் யாரும் மந்தமானவர்கள் அல்லர். நல்ல நாவல் வாசகர்கள். வாசகராக இருப்பதும் இலக்கண மாணவராக இருப்பதும் ஒன்றல்ல என்பது அவர்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம்.

கணக்காகவே சொல்லிவிடுகிறேன். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்க ஒரு கழகம் வைத்திருக்கிறது. அலுவலில் பயன்படுத்தும் அளவுக்கு ரஷ்ய மொழியோ போலிஷோ வர 44 வாரம், அதாவது சுமார் 1,100 வகுப்பு மணி நேரம் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. ஸ்பானிய மொழிக்கு அதைவிடக் கணிசமாகக் குறைவுதான். (அதே 44 வாரப் பட்டியலில் தமிழும் இருக்கிறது. அவர்கள் ஓராண்டு உட்கார்ந்து படிக்கும் ஒன்றை உங்கள் பெண் அம்மா மடியிலேயே வாங்கிவிட்டாள்.) இப்போது பல்கலைக்கழகத்துக்கு வாருங்கள். வாரத்துக்கு 5 மணி நேர மொழி வகுப்பு, ஆண்டுக்கு 20 வாரம் என்று வைத்தால் 100 மணி. மூன்று ஆண்டுக்கு 300. மீதி 800 மணி எங்கிருந்து வரும்? கொஞ்சம் அவள் அறையில் தனியாக உட்கார்ந்து படிப்பதிலிருந்து. பெரும்பகுதி, நான்காண்டுப் படிப்பின் நடுவே அந்த மொழி பேசும் நாட்டில் கழிக்கும் ஓராண்டிலிருந்து. ஆகவே பல்கலைக்கழகத்தின் பெயரைவிட, வாரத்துக்கு எத்தனை மணி மொழி வகுப்பு, அந்த ஓராண்டு எங்கே என்ற இரண்டு கேள்விகளுக்கு வரும் பதில்தான் எனக்குப் பெரிது.

இந்த வயதுக்கு மேல் புது மொழி வருமா என்று உங்கள் கணவர் கேட்டிருக்கிறார். மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் பல தலைமுறை ரஷ்யப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்தவர் அலெக்சாந்தர் துபியான்ஸ்கி (1941–2020). சங்கப் பாடல்களை ஆராய்ந்து எழுதியவர். அவர் வீட்டில் யாரும் தமிழ் பேசியதில்லை. வார்சா பல்கலைக்கழகத்திலும் தமிழ் கற்பித்திருக்கிறார்கள். அங்கே ஒரு போலந்துப் பெண் வல்லினத்தையும் சந்தியையும் பதினெட்டு வயதில் தொடங்கிப் படிக்கலாம் என்றால், ஈசூன் பெண் அவர்கள் மொழியைப் படிப்பதில் என்ன அதிசயம்?

அதோடு, தமிழ் நன்றாகத் தெரிந்த பிள்ளைக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. அதை ஆங்கிலேய மாணவர்களைப் பார்த்துத்தான் நான் உணர்ந்தேன். வேற்றுமை என்றால் என்ன என்று அவர்களுக்கு விளக்கவே பல வாரங்கள் போகும். உங்கள் மகள் அதைத் தமிழ் வகுப்பிலேயே படித்து முடித்தவள். ரஷ்ய மொழியில் வேற்றுமை ஆறு. போலிஷில் ஏழு, விளி வேற்றுமை உட்பட. "எனக்குக் குளிர்கிறது", "எனக்குப் பிடித்திருக்கிறது" என்று நாம் நான்காம் வேற்றுமையில் சொல்வதை இரண்டு மொழிகளும் அப்படியே நான்காம் வேற்றுமையில் சொல்கின்றன. ஆங்கிலப் பிள்ளைகள் இதில் தடுமாறுவார்கள். "அவர் ஆசிரியர்" என்று வினையே இல்லாமல் வாக்கியத்தை முடிப்பது ரஷ்ய மொழிக்கும் இயல்பு. எழுதினான், எழுதிவிட்டான் என்ற வேறுபாடு நம் காதில் ஊறிப்போனது. அங்கே ஏறக்குறைய ஒவ்வொரு வினைக்கும் முடிந்த செயலுக்கு ஒன்று, முடியாத செயலுக்கு ஒன்று என இரட்டை வடிவம் உண்டு. பேராசிரியரை அவர் பெயரோடு தந்தை பெயரையும் சேர்த்து அழைக்கும் ரஷ்ய வழக்கம், தந்தை பெயரை அடையாள அட்டையில் சுமக்கும் நமக்கு விளக்கம் வேண்டாதது.

இதோடு நிறுத்தினால் நான் விளம்பரம் செய்தவளாகிவிடுவேன். கஷ்டத்தையும் கேளுங்கள். நமக்கு இரண்டாம் வேற்றுமை என்றால் எந்தப் பெயருக்கும் "ஐ" போதும். அங்கே பால், எண் பார்த்து விகுதி மாறும். முன்னால் நிற்கும் பெயரடையும் கூடவே மாறும். ரஷ்ய மொழியில் எண்ணுப்பெயர் ஒரு தனிச் சோதனை: இரண்டு, மூன்று, நான்கு வந்தால் பின்வரும் பெயர் ஒரு வடிவம், ஐந்து முதல் வேறு வடிவம். "போ" என்று ஒரு வினையால் நாம் முடிப்பதற்கு, நடந்தா வண்டியிலா, ஒருமுறை ஒரு திசையிலா அடிக்கடி போய்வருவதா என்று பார்த்து நான்கு வினைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிள்ளைகள் அழுகிற இடம் இந்த இயக்க வினைகள்தான். போலிஷில் மெய்யெழுத்துகள் மூன்றும் நான்கும் அடுக்கி வரும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. போலிஷ் பன்மையில் ஆண்களுக்கு ஒரு வடிவம். பெண்கள், குழந்தைகள், நாய்கள், நாற்காலிகள் எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் வேறு வடிவம். தொல்காப்பியர் மக்கள் அனைவரையும் உயர்திணையில் வைத்தார். போலிஷ் இலக்கணத்தில் ஓர் ஆண் கூட்டத்தில் இருந்தால்தான் அந்த மரியாதை. இதைச் சொன்னதும் உங்கள் மகள் கோபப்பட்டால் நல்லது, சிரித்தால் இன்னும் நல்லது. கொட்டாவி விட்டால் பொருளியலுக்கே அனுப்புங்கள்.

அடுத்து, இரண்டு மொழியும் ஒன்றுதானே என்ற உங்கள் சந்தேகம். தமிழும் மலையாளமும் எவ்வளவு நெருக்கமோ ஏறக்குறைய அவ்வளவு நெருக்கம், எழுத்தும் வேறு. ரஷ்ய மொழிக்கு 33 சிரிலிக் எழுத்துகள், போலிஷுக்கு ரோமன் எழுத்துகளோடு கொக்கியும் கோடும் சேர்த்து 32. இரண்டையும் ஒரே நாளில் தொடங்கினால் ஒன்றின் விகுதி மற்றொன்றில் போய் ஒட்டிக்கொள்ளும். முதலாண்டில் ஒன்று, இரண்டாம் ஆண்டில் மற்றொன்று என்று பிரித்துத் தரும் துறைதான் புத்திசாலித்தனமான துறை.

ஆனால் இரண்டையும் படிக்க வேண்டும் என்று அவள் கேட்பது அசட்டுத்தனம் அல்ல. இந்தப் படிப்பின் சுவையே அங்கேதான் இருக்கிறது என்பேன். போலந்து 1795-இல் வரைபடத்திலிருந்து மறைந்தது. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் பங்கு போட்டுக்கொண்டன. 1918 வரை அது ஒரு நாடு அல்ல. அந்தக் காலத்தில் ஒரு மக்களைச் சேர்த்து வைத்திருந்தது பெரும்பாலும் அவர்களுடைய கவிதை. அவர்களின் பெருங்கவி ஆடம் மிட்ஸ்கியேவிச்சை ரஷ்ய அரசு 1824-இல் ரஷ்யாவுக்குள் நாடு கடத்தியது. அங்கே அவருக்குக் கிடைத்த நண்பர்களில் ஒருவர் ரஷ்யாவின் பெருங்கவி புஷ்கின். 1830-இல் வார்சாவில் எழுச்சி வெடித்தது. ரஷ்யப் படை அதை அடக்கியது. அடக்கியதை ஆதரித்துப் புஷ்கின் 1831-இல் கவிதை எழுதினார். மிட்ஸ்கியேவிச் பதில் சொன்னது பாரிஸிலிருந்து. பின்னர் 1840-இல் பாரிஸின் கல்லூரி ஒன்றில், கொலேஜ் த பிரான்ஸில், ஸ்லாவிய இலக்கியங்களுக்கென்று (ரஷ்ய மொழி, போலிஷ் போன்றவை அடங்கிய மொழிக் குடும்பம்) முதன்முதலாக ஒரு பேராசிரியர் இருக்கை ஏற்பட்டபோது அதில் அமர்ந்தவரும் அவர்தான். புஷ்கினை மட்டும் படித்தவருக்கு இந்தக் கதையில் பாதி தெரியாது.

இவ்வளவு தூரம் போகாமலே இதற்கு ஒரு சாட்சி நம் ஊரில் இருக்கிறது. புல்லர்ட்டன் ஹோட்டல் பக்கம் ஜோசப் கான்ராடுக்கு ஒரு நினைவுப் பலகை உண்டு. 1887-இலும் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலும் சிங்கப்பூரிலிருந்து புறப்படும் ஒரு நீராவிக் கப்பலில் துணை மாலுமித் தலைவராக இருந்தவர். ஆங்கில எழுத்தாளர் என்றுதான் இங்கே பள்ளியில் சொல்லித் தருகிறார்கள். அவருடைய தாய்மொழி போலிஷ். அவர் தந்தையும் கவிஞர், மொழிபெயர்ப்பாளர். ரஷ்ய ஆட்சியை எதிர்த்ததற்காக 1862-இல் நாடு கடத்தப்பட்டபோது நான்கு வயதுப் பிள்ளையும் கூடப் போனது. கான்ராட் இங்கிருந்து போன சில ஆண்டுகளில், 1890-இல், இதே துறைமுகத்தை ரஷ்ய எழுத்தாளர் செக்காவும் தொட்டுச் சென்றார், ரஷ்யாவின் சகாலின் தீவிலிருந்து திரும்பும் வழியில். சிங்கப்பூர் தனக்குச் சரியாக நினைவில்லை, சுற்றிப் பார்த்தபோது ஏனோ அழுகை முட்டியது என்று கடிதத்தில் எழுதியிருக்கிறார். அடுத்து வந்த இலங்கையைச் சொர்க்கம் என்றார். நமக்குச் சற்றே வருத்தம்தான்.

போரைப் பற்றிச் சொல்கிறேன். 2022 பிப்ரவரிக்குப் பிறகு பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் மாணவர்களை மாஸ்கோவுக்கும் பீட்டர்ஸ்பர்க்கிற்கும் அனுப்புவதில்லை. அல்மாட்டி, பிஷ்கெக், ரிகா, தாலின், யெரவான் என்று ரஷ்ய மொழி புழங்கும் வேறு நகரங்களுக்கு அனுப்புகிறார்கள். கஜகஸ்தானிலும் கிர்கிஸ்தானிலும் அம்மொழிக்கு அரசாங்கத் தகுதியே இருக்கிறது. மொழி ஓர் அரசின் சொத்து அல்ல. அந்த அரசு சிறையில் தள்ளியவர்களும் அதே மொழியில்தான் எழுதினார்கள். அதே நேரத்தில் உங்கள் கணவரின் உறுத்தலை நான் ஒதுக்கிவிடவில்லை. ஸ்லாவியத் துறைகளிலேயே இந்தச் சண்டை நடக்கிறது. கிழக்கு ஐரோப்பா முழுவதையும் இத்தனை காலம் மாஸ்கோவில் நின்றே பார்த்துவிட்டோம் என்று உக்ரேனிய, போலந்து அறிஞர்கள் சொல்வதில் நிறைய நியாயம் இருக்கிறது. போலிஷும் சேர்த்துக் கேட்கும் உங்கள் பெண் அந்த நியாயத்தின் பக்கமாகவே போகிறாள். இரண்டில் எது முதன்மை என்று என்னைக் கேட்டால், இன்றைய நிலையில் போலிஷ் என்பேன். போய் வாழ்ந்து படிக்க ஒரு நாடு திறந்திருக்கிறது. கிராக்கோவில் 1364-இல் தொடங்கிய யாகியலோனியப் பல்கலைக்கழகமும், வார்சா பல்கலைக்கழகமும் வெளிநாட்டவருக்கென்றே மொழி வகுப்புகள் நடத்துகின்றன. இலக்கியத்திலும் குறை இல்லை: மிவோஷ் 1980, ஷிம்போர்ஸ்கா 1996, தோகர்ச்சுக் 2018 என்று நோபல் பரிசுகளே வரிசையாக இருக்கின்றன. இவர்கள் தமிழுக்குப் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகத்தான் வந்திருக்கிறார்கள். மூலத்திலிருந்து கொண்டுவர ஆள் வேண்டும். அதற்குச் சோறு போடும் அளவுக்குப் பணம் கிடைக்காது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

வேலை என்றால்: நம் கல்வி அமைச்சின் மொழி நிலையத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஜப்பானியம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம் எல்லாம் உண்டு, இவை இரண்டும் இல்லை. ஆகவே இந்த மொழிகளைக் கற்பிக்கும் பள்ளி ஆசிரியை ஆக முடியாது. அரசாங்கப் பணிகளில் பலவற்றுக்கு எந்தத் துறைப் பட்டமும் போதும். 2022-இல் சிங்கப்பூரே ரஷ்யாவுக்கு எதிராகத் தடைகள் விதித்ததிலிருந்து, வங்கிகளிலும் கப்பல், எண்ணெய் வணிக நிறுவனங்களிலும் ஆவணங்களைப் படித்துத் தடை விதிகளைச் சரிபார்க்கிறவர்கள் தேவைப்படுகிறார்கள். அங்கே மொழி ஓர் உதவி. மொழிக்காக மட்டும் யாரும் சம்பளம் தர மாட்டார்கள். நன்றாகப் படித்து, நன்றாக எழுதி, தகவலை அலசத் தெரிந்த பட்டதாரியாக அவள் வந்தால் பிழைத்துக்கொள்வாள். பொருளியல் படித்தால் முதல் வேலை எளிதாகக் கிடைக்கும் என்பது உண்மை; அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

பணம்தான் முடிவு செய்யும் இடம். நீங்கள் லண்டன் என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். 1915-இல் தொடங்கிய ஸ்லாவிய, கிழக்கு ஐரோப்பியக் கல்விப் பள்ளியாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். இப்போது அது யூனிவர்சிட்டி காலேஜ் லண்டனின் ஒரு பகுதி. நல்ல இடம். வெளிநாட்டு மாணவருக்குக் கட்டணம் ஆண்டுக்கு 25,000 பவுண்டைத் தாண்டும். அது 40,000 வெள்ளிக்கு மேல், சாப்பாடும் தங்குமிடமும் தனி. படிப்பு நான்கு ஆண்டு. மத்திய சேம நிதிக் கல்விக் கடன் உள்ளூர்க் கல்விக்கூடங்களுக்கு மட்டும்தான்; லண்டனுக்கு அதிலிருந்து ஒரு காசு எடுக்க முடியாது. ஆகவே வீட்டை விற்றுத்தான் அனுப்ப வேண்டும் என்றால் அனுப்பாதீர்கள். இதைத் தயங்காமல் சொல்கிறேன். எந்த மொழிப் பட்டமும் அந்த விலைக்குத் தகாது.

சேமிப்பு இருக்கிறது, வீடு பத்திரம் என்றால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். இல்லையென்றாலும் கதவு மூடிவிடவில்லை. உள்ளூரில் ஆங்கில இலக்கியமோ மொழியியலோ வரலாறோ படித்துக்கொண்டே மொழியைத் தொடங்கலாம். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நவீன மொழிகள் நிலையத்தில் ரஷ்ய மொழி விருப்பப் பாடமாக இருந்துவந்திருக்கிறது. இந்த ஆண்டு உண்டா என்று விசாரியுங்கள். விடுமுறைகளில் போலந்தில் கோடைக்கால மொழிப் பள்ளி. பட்டம் முடிந்ததும் கிராக்கோவிலோ வார்சாவிலோ முதுகலை. கட்டணம் லண்டனோடு ஒப்பிட்டால் பல மடங்கு குறைவு. அந்நாட்டின் நாவா என்ற கல்விப் பரிமாற்ற முகமை உதவித்தொகைகளும் தருகிறது. சிங்கப்பூரர் எதற்கெல்லாம் விண்ணப்பிக்கலாம் என்று அவளே பார்க்கட்டும். எனக்கு இந்த வழி இரண்டாந்தரமாகத் தோன்றவில்லை. பொருளியல் இடத்தை வேறு துறைக்கு மாற்ற முடியுமா என்று இப்போதே பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

எந்த வழியானாலும் முதலில் செய்ய வேண்டியது ஒன்று. லண்டனில் வகுப்பு செப்டம்பர் கடைசியில்தான் தொடங்கும். அதுவரை அவள் தினமும் ஒரு மணி நேரம் இரண்டில் ஒன்றைப் படிக்கட்டும். புத்தகம் ஒன்று, வாரத்துக்கு ஒருமுறை கேள்வி கேட்கும் ஆசிரியர் ஒருவர், அவ்வளவு போதும். செயலியில் பொம்மைக்குப் பரிசு வாங்கும் விளையாட்டைப் படிப்பாகக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அவள் எவ்வளவு கற்றாள் என்று பார்க்காதீர்கள். யாரும் சொல்லாமலே புத்தகத்தைத் திறக்கிறாளா, தவறிய பயிற்சியை மறுநாள் திரும்பப் போடுகிறாளா என்று மட்டும் பாருங்கள். லண்டன் இடத்தை ஓராண்டு தள்ளிவைக்க முடியுமா என்றும் எழுதிக் கேட்கலாம். பல துறைகள் சம்மதிக்கும். அந்தக் கடிதத்திலேயே இன்னொன்றையும் கேட்கட்டும். பிரிட்டனில் மொழித் துறைகள் சுருங்கிவருகின்றன. அவள் நான்காம் ஆண்டை எட்டும்வரை போலிஷ் வகுப்பு நடக்கும் என்று எழுத்தில் உறுதி தருவார்களா, போலிஷ் கற்பிப்பவர் நிரந்தரப் பணியில் இருக்கிறாரா, ஒப்பந்தத்தில் இருக்கிறாரா? பதில் மழுப்பலாக வந்தால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ரஷ்ய மொழியில் தொடங்கினால், மூன்று மாதம் ஒழுங்காகப் படித்தவளுக்கு நான் மேலே சொன்ன இயக்க வினைகள் வந்து நிற்கும். அதற்குப் பிறகும் படிக்கிறேன் என்றால் மறுபடி எழுதுங்கள்; லண்டனா கிராக்கோவா என்பதை அப்போது பேசலாம்.